மிரியம் டீச்சரின் இருநூறு பத்திரங்கள்

1

சென்ற தை மாதம் பாளையங்கோட்டையில் என் மைத்துனன் முருகையாவின் மகள் திருமணத்திற்கு வந்திருந்தேன். பந்தி முடிந்து மண்டபத்து வாசலில் அமர்ந்திருந்தபோது, பரிமாறுபவரிடம் என்னையறியாமல் "ஒரு சாயா" என்று கேட்டுவிட்டேன். அதுவே முருகையாவுக்குப் போதுமானதாக இருந்தது.

"கேட்டியளா! அத்தானுக்கு டீ வேண்டாமாம், சாயா வேணுமாம்!" என்று சம்பந்தி வீட்டார் முன்னிலையில் உரக்கச் சொன்னான். "ஏன் அத்தான், இத்தனை வருசமா கொச்சியிலயே கெடக்குதிய. அங்க அப்படி என்னதான் இருக்கு? மிளகும் கொசுவும்தான?"

எல்லோரும் சிரித்தார்கள். மணவீட்டில் மறுமொழி சொல்வது என் வழக்கமன்று. "அவகாசம் கிடைக்கும்போது எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். நம் கல்லூரிப் பழைய மாணவர் மலரின் ஆசிரியர், வெளியூரில் வாழ்வோர் அனுபவக் குறிப்புகள் வேண்டுமென்று கேட்டிருப்பதால் அந்த அவகாசம் இப்போது கிடைத்திருக்கிறது. முருகையாவும் நம் கல்லூரி மாணவனே. அவனும் படிப்பான் என்று நம்புகிறேன்.

நான் கடல் கடந்தவன் அல்லன். எழுபதுகளின் தொடக்கத்தில் வணிகவியல் பட்டத்தோடு செங்கோட்டை வழியே ரயிலேறி, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லம் போய், அங்கிருந்து கொச்சி வந்து சேர்ந்தவன். இதனை அயல்வாசம் என்று சொல்லலாமா என்ற ஐயம் சிலருக்கு இருக்கக்கூடும். கடைப்பலகையைப் படிக்கத் தெரியாத ஊரில், மொழி புரியாத கண்டக்டரிடம் சரியான சில்லறையை நீட்டிவிட்டு இறங்குமிடம் தெரியாமல் நின்றவனுக்கு அதில் ஐயமில்லை.

2

மட்டாஞ்சேரியில் குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு மிளகு ஏற்றுமதி வணிகரிடம் கணக்குப் பிரிவின் தலைவராக இருக்கிறேன். அவரைச் சேட் என்றே குறிப்பிடுகிறேன். பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார். தினமும் காலையில் பஜார் ரோட்டில் நடந்தே அலுவலகம் போவேன். சுக்கும் மிளகும் கலந்த காரம் வந்த புதிதில் தும்மலை வரவழைத்தது. இப்போது ஊருக்கு வந்தால் காற்றில் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. மழைக்காலத்தில் காயல் நீர் சந்துக்குள் ஏறும். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து, குடையின் கீழ் என் மதிப்பையும் பிடித்துக்கொண்டு நடப்பேன். நம் கல்லூரியில் யாரும் கற்றுத்தராத வித்தை அது.

என் ஒரே மகள் கோமதி இங்கேயே பிறந்தவள். எர்ணாகுளத்தில் தேவரா பக்கமுள்ள கல்லூரியில் கணிதம் படித்தாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தன் பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது பாதியில் மலையாள எழுத்துக்குத் தாவிவிடுவாள். "அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாதம்மா" என்பேன். "அப்போ அவங்க படிக்கட்டே" என்பாள். சில சமயம் என்னை அப்பா என்பதற்குப் பதில் மலையாளத்தில் "அச்சா" என்று அழைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். கடித்துக்கொள்கிறாளே என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மிரியம் டீச்சர் இருந்தார். மட்டாஞ்சேரியின் யூதத் தெருக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். திருமணம் செய்துகொள்ளாதவர். இங்குள்ள பள்ளியொன்றில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கோமதிக்கும் அவரே கணித ஆசிரியை. பஜார் ரோட்டில் பாதிப்பேர் அவரிடம் காது முறுக்கப்பட்டவர்கள். தலை நரைத்த தரகர்கள்கூட அவர் எதிரே வந்தால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். அவருடைய தந்தை மிளகுத் தரகர். பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு பழகியதால் டீச்சர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

அத்தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இரிக்கு, சிதம்பரம் சாரே. சாயா குடிக்கும் அல்லே? நானும் போறேன். சகோதரி அங்கே தனிச்சாயிப் போயி. எனக்கு இங்கே மிச்சம் இருக்கிறது இந்தக் கடலாஸ் மட்டும்தான்."

அவர் மேசைமேல் வைத்த கடலாஸ், அதாவது காகிதங்கள், ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் வாங்கிய இருநூறு கடன் பத்திரங்கள். பம்பாய் நூல் மில் ஒன்று வெளியிட்டவை. நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகிறவர் தம் சொத்துக்களின் மதிப்பை எழுதிக்கொடுக்கவேண்டும். அதற்காக எர்ணாகுளத்து அரசு அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் பத்திரத்துக்கு நேரே ஒரே ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் எழுத ஓர் எண் கிடைக்காமல் டீச்சர் இருமுறை படகேறி எர்ணாகுளம் போய்த் திரும்பியிருந்தார்.

"அங்கே இருக்கிற பையனும் என்டெ ஸ்டூடண்டுதான். 'டீச்சரே, வெலை இன்னும் நிச்சயிச்சிட்டில்லாத சாதனத்துக்கு நான் எந்து எழுதும்?'னு என்கிட்டயே கேக்குறான். ஏழாம் கிளாஸிலும் அவனுக்கு x கண்டால் பேடி, அத்தனை பயம்."

சேட் அந்தப் பத்திரங்களை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆகவே நியாயமான விலையை நான் சொல்லவேண்டும், அதையே படிவத்திலும் எழுதவேண்டும் என்றார் டீச்சர்.

"டீச்சர், நான் சேட்டிடம் சம்பளம் வாங்குபவன்" என்றேன்.

"அறியாம். சாரு சேட்டின்டெ ஆளுன்னு மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும். அதுகொண்டு கணக்கு மாறுமோ?"

மாறாது என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

3

அந்தப் பத்திரத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். வணிகவியல் படிக்காதவர்களும் பொறுமையோடு தொடர வேண்டுகிறேன். அதனை வகுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய கூர்மையை இன்றும் வியக்கிறேன்.

நூறு ரூபாய்ப் பத்திரம். பன்னிரண்டு ரூபாய் வட்டி. ஓராண்டு கழித்துப் பத்திரம் முழுவதும் அந்த மில்லின் பங்குகளாக மாறும். எத்தனை பங்கு என்பதில்தான் நுட்பம். சாதாரணமாக இத்தகைய பத்திரங்களில் மாற்று விலையை முதலிலேயே அச்சிட்டுவிடுவார்கள். இதில் அவ்வாறில்லை. மாற்றும் காலத்தில் பங்கின் சந்தை விலை என்னவோ, அதில் ஐந்தில் நான்கு பாகமே மாற்று விலை. அது இருபது ரூபாய்க்குக் கீழே போகாது. நாற்பதுக்கு மேலே ஏறாது. அப்போது பங்கு முப்பத்து நான்கு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது.

இதைப் படித்தவர்கள் தங்கள் தங்கள் இயல்புப்படி பொருள் கொண்டார்கள். துணிந்தவர்கள் இருபதைப் பிடித்துக்கொண்டு, "நூறு ரூபாய்க்கு ஐந்து பங்கு, நூற்றெழுபது ரூபாய்" என்றார்கள். அஞ்சியவர்கள் நாற்பதைப் பிடித்துக்கொண்டு, "இரண்டரைப் பங்கு, எண்பத்தைந்துதான்" என்றார்கள். இரண்டும் பிழை. பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பங்கு முப்பது ரூபாய் என்றால் மாற்று விலை இருபத்து நான்கு. நான்கு பங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். அவற்றின் மதிப்பு நூற்றிருபத்தைந்து. பங்கு நாற்பத்தைந்து என்றால் மாற்று விலை முப்பத்தாறு. மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. அவற்றின் மதிப்பும் அதே நூற்றிருபத்தைந்து. பங்கு ஏறினாலும் இறங்கினாலும் பங்குகளின் எண்ணிக்கை அதற்கேற்பக் குறைந்தும் கூடியும், மதிப்பை ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறது. பங்கு ஐம்பதைத் தாண்டினால் இலாபம் தொடங்கும். இருபத்தைந்துக்குக் கீழே விழுந்தால் நட்டம் தொடங்கும். இடைப்பட்ட வெளி முழுதும் சமதளம். ஏற்ற இறக்கமே தொழிலாகக் கொண்ட பங்குச் சந்தைக்குள் இப்படியொரு சமதளத்தை நாலு வரியில் ஒருவர் கட்டியிருக்கிறார்!

4

சேட் சொல்லியிருந்த விலை நூற்று நாற்பது. அவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். மிளகின் விலையைக் கப்பல் கிளம்புமுன்பே நாணயமாற்று வரை சேர்த்து மனத்திலேயே போட்டுவிடுபவர். பஜார் முழுவதுமே நூற்று நாற்பதுக்கு அருகில்தான் பேசியது. அத்தனை அறிவாளிகளும் ஒன்றுபோல உயர்த்திச் சொல்லவேண்டுமென்றால் காரணம் இருக்கவேண்டும். இரண்டு நாள் யோசித்த பின்பே அது எனக்குப் பிடிபட்டது.

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்குவதற்கு ஒரு வழக்கம் உண்டு. மலையோரத் தோட்டக்காரர்கள் அறுவடை முடிந்ததும் மூட்டைகளைக் கொண்டுவந்து வணிகரின் கிட்டங்கியில் இறக்கிவிடுவார்கள். விலை அன்று பேசப்படாது. செலவுக்கு முன்பணம் மட்டும் வாங்கிப் போவார்கள். பின்னர் என்றைக்கோ, சந்தை தமக்கு இசைவாக இருப்பதாகத் தோன்றும் நாளில் வந்து நின்று, "இன்னத்தெ வெலை" என்பார்கள். அன்றைய விலையில் கணக்குத் தீரும். "விலை பின்னர்" என்றால், நாளைக் குறிக்கும் உரிமை பொருளை இறக்கிவைத்தவருக்கே. இது இங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். எந்த வணிகரும் அதை மீறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கண்ணோடுதான் இவர்கள் பத்திரத்தையும் படித்திருக்கிறார்கள். பணத்தை இறக்கிவைத்தவர் பத்திரக்காரர், விலை பின்னர், ஆகவே நாளும் பத்திரக்காரர் கையில். பங்கு தாழ்ந்திருக்கும் ஒரு நாளைக் குறித்து அதிகப் பங்குகளை வாங்கிக்கொண்டு, ஏறியபின் விற்றால் நூற்று நாற்பது மலிவுதான். பத்திரத்தின் பின்புறத்திலோ, மாற்று விலைக்குரிய நாளை "நிர்வாகக் குழு தீர்மானிக்கும்" என்றிருந்தது. சிறிய எழுத்தெனினும் தெளிவாகவே இருந்தது. பொருளை வாங்கிக்கொண்டவனே நாளையும் குறிப்பான் என்பது மட்டாஞ்சேரி மூளைக்கு எட்டாத அநியாயம். எட்டாததால் கண்ணில் படவில்லை. நான் வெளியூர்க்காரன், எனக்குப் பட்டது.

நாள் கம்பெனியின் கையில் என்றால், பங்கு உச்சத்தில் இருக்கும் நாளையே அவர்கள் குறிப்பார்கள். குறைந்த பங்குகளே தரவேண்டியிருக்கும். அனுமதி, முத்திரை, தபால் எல்லாம் முடிந்து பங்குச் சான்றிதழ் கைக்கு வரச் சில மாதமாகும். அதற்குள் விலை இறங்கியிருக்கும். ஆகவே நூற்றிருபத்தைந்தோடு வட்டி பன்னிரண்டைக் கூட்டி, ஓராண்டுக் காத்திருப்புக்கு உரியதைக் கழித்தேன். நூற்றுப் பத்தொன்பது வந்தது. ஐம்பதுக்கு மேலே ஏறக்கூடிய வாய்ப்புக்கு மூன்று கூட்டினேன். இருபத்தைந்துக்குக் கீழே விழக்கூடிய ஆபத்துக்கு நான்கு கழித்தேன். நாள் பிறர் கையில் இருப்பதற்கு ஆறு கழித்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

எண் சரியாக வந்ததும் மகிழ்ச்சி வருவதே வழக்கம். அன்று திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்; எண் மாறவில்லை. நான் வாய் திறந்தால் டீச்சருக்குப் பத்திரத்துக்கு இருபத்தெட்டு ரூபாய் நட்டம். இருநூறு பத்திரத்துக்கு அது புதிய நாட்டில் அவர் குடித்தனம் தொடங்கும் பணம். மிச்சம் பிடிப்பவர் எனக்குச் சம்பளம் கொடுப்பவர். பஜார் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியாதா? முதலாளிக்காக விலையைக் குறைத்த பாண்டி என்றுதான் பேசும். தமிழரை இங்கே அந்தச் சொல்லால் குறிப்பவர்கள் உண்டு. இத்தனை ஆண்டுகளில் என் முகத்துக்கு நேரே யாரும் அதைச் சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை.

"நமக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்றாள் என் மனைவி. "உடம்பு சரியில்லன்னு சொல்லி ஒதுங்கிக்கிடுங்க."

ஒதுங்கிவிடுவதே கண்ணியம் என்று எனக்கும் தோன்றிற்று. அப்போது கோமதி மலையாளச் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஒதுங்கிக்கோங்க. பின்னே டீச்சர் ஆரைப் போய்க் கேக்கும்? அந்தத் தரகர் ஷெணாயையோ?"

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் அறியாது. டீச்சர்கிட்டெ கள்ளம் பறஞ்சா பிடிச்சிரும், அது மட்டும் அறியாம். உடம்பு சரியில்லன்னு சொன்னாலும் பிடிச்சிரும்."

அவள் தமிழில் பாதி மலையாளமாக இருந்தது. சொன்ன விஷயத்தில் குறை ஏதும் இல்லை.

5

மறுநாள் முற்பகல் சேட்டின் அலுவலகத்தில் கூடினோம். வெள்ளை விரிப்பிட்ட மெத்தையில் சேட். அவருக்கு எதிரே நாற்காலியில் டீச்சர். வாசற்படிக்கு அருகில் ஷெணாய். ஷெணாய் கொங்கணித் தரகர். டீச்சருக்கும் சேட்டுக்கும் இடையே நூற்று நாற்பது என்ற சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவரே. தரகுப் பணம் வாங்கும் நாள் என்பதால் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க இரண்டு மூன்று தரகர்கள் நின்றார்கள். இங்கே விலை சொல்பவன் இருதரப்புக்கும் முன்னால் நின்று ஒருமுறை சொல்லவேண்டும். நான் நின்று சொன்னேன்.

"நூற்றுப் பன்னிரண்டு."

ஷெணாய் மெல்லச் சீழ்க்கையடித்தார். "அது சரி! சம்பளம் வாங்குற இடத்துக்குத் தக்க கணக்கு. சாரு படிச்ச ஆளல்லவா!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என் காது சூடாயிற்று. நான் பதில் சொல்லுமுன் டீச்சர் திரும்பினார்.

"ஷெணாயே, நீ எட்டாம் கிளாஸில் எத்தனை கொல்லம் இருந்நு?"

"ரெண்டு வருசம், டீச்சரே."

"அப்போ மிண்டாதிரி." பேசாமலிரு என்று பொருள். பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரே, ஸ்டெப் ஸ்டெப்பாயிட்டுப் பற."

சொன்னேன். சமதளத்தை விளக்கியபோது அவர் முகத்தில் ஓர் ஒளி வந்ததைக் கண்டேன். கையிலிருந்த விசிறியின் காம்பால் மேசைமேல் அந்தக் கோட்டை வரைந்து பார்த்தார்: சாய்வு, சமதளம், மறுபடி சாய்வு. "நல்ல பங்கியுள்ள கணக்கு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பங்கி என்றால் அழகு. நாளைக் குறிப்பவர் யார் என்ற இடத்துக்கு வந்ததும், "எங்கே எழுதியிருக்கு? வாசிக்கு" என்றார். பத்திரத்தைத் திருப்பி வாசித்தேன்.

சேட் சட்டென்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பத்திரத்தை வாங்கி இருமுறை படித்தார். "அரே! சரக்கும் அவன்கிட்ட, நாளும் அவன்கிட்டயா? இது எந்த ஊர் வியாபாரம்?"

"ஆறு ரூபாய் கழிச்சது எங்ஙனெ?" என்று டீச்சர் விடவில்லை. "அஞ்சாயிருக்கலாம், ஏழாயும் இருக்கலாம் அல்லே?"

"இருக்கலாம்."

"அப்போ சாரின்டெ உத்தரம் நூத்திப் பதினொண்ணா, பன்னிரண்டா, பதிமூணா?"

"நூற்றுப் பன்னிரண்டு, டீச்சர். நான் கையொப்பமிடப் போகும் எண் அதுதான்."

டீச்சர் தலையசைத்தார். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கட்டத்தைக் காட்டினார். நான் எழுதிக் கையொப்பமிட்டேன். என் பெயரை அவ்வளவு கவனமாக அதற்குமுன் எழுதியதில்லை.

சேட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார் கணக்கு சார் கணக்கு. நான் ஷெணாய்கிட்ட நூத்தி நாப்பது சொல்லியாச்சு. சொன்னது சொன்னதுதான். செக் எழுதட்டும்."

"நடக்காது, சேட்டே. தெற்றான கணக்குக்கு முழு மார்க் வாங்கிட்டு நான் ப்ளேன் ஏற மாட்டேன்."

"தப்பு என்னோடது. நான் சரியா வாசிக்கலை. என் தப்புக்கு நீங்க ஏன் கம்மி வாங்கணும்?"

"ஞான் வாசிச்சோ? நானும் வாசிச்சில்லா. கணக்கு டீச்சர் அல்லவா நான்! புறத்தெ சொன்னால் நாணக்கேடு. நூத்திப் பன்னிரண்டு."

"நூத்தி முப்பத்தஞ்சு."

"நூத்திப் பதிமூணு. ஒரு ரூபாய் உங்களோட வயசுக்கு மரியாதை."

"நூத்தி முப்பது. டீச்சர், என் மகனுக்கு நீங்கதான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தீங்க. அதுக்கு நான் ஒண்ணும் கொடுக்கலை."

"அவன் இன்னும் பதிமூணாம் வாய்ப்பாடு படிச்சிட்டில்லா. அதுக்கு நான்தான் திருப்பிக் கொடுக்கணும்."

ஷெணாய் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "எந்தாணு இது ஈசுவரா! விக்கிறவர் குறைக்குது, வாங்குறவர் கூட்டுது! ஞான் ஆர் பக்கம் நின்னு பேசும்? என்டெ தரகு எதில் கணக்காக்கும்?"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுமை தூக்குபவர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. இருவருமே விட்டுக்கொடுக்கும் இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். வாக்கு மாறியவர் என்ற பெயரோடு சேட் இந்தப் பஜாரில் உட்கார முடியாது. பிழையான விடைக்குப் பணம் வாங்கியவர் என்ற பெயரோடு டீச்சர் இந்தத் தெருவைவிட்டுப் போக முடியாது. சொன்ன எண் காரணமாக நானோ இருவருக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது சேட் ஒன்று செய்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"டீச்சர், உங்க அப்பா இருந்தா இப்போ என்ன பண்ணுவார்?"

நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மட்டாஞ்சேரித் தரகர்களிடமும் அது உண்டு. இந்த விரல் இத்தனை, இரண்டு விரலைச் சேர்த்து அழுத்தினால் இத்தனை என்று ஒரு மொழி. துணிக்கடியில் முடிந்த விலை இருவரைத் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாது. முடிந்தபின் யாரும் கேட்கவும் கூடாது. ஒரு பெண் அந்தத் துணிக்கடியில் கை நீட்டி நான் கண்டதில்லை. வாசலில் நின்றவர்களும் கண்டிருக்கமாட்டார்கள்.

டீச்சர் துண்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு வலக்கையை உள்ளே நீட்டினார்.

துண்டு அசைந்தது. சேட்டின் புருவம் உயர்ந்தது. டீச்சர் இல்லையென்று தலையாட்டினார். மறுபடி அசைந்தது. சேட் பெருமூச்சுவிட்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, மனக்கணக்குப் போடும் மாணவியைப் போல உதட்டை அசைத்தார். ஷெணாய் கழுத்தை நீட்டி இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். துண்டு ஒருமுறை பலமாக இழுபட்டு நின்றது. டீச்சர் உரக்கச் சிரித்தார். அடுத்த கணம் சேட்டும் சிரித்தார்.

"முடிஞ்சு" என்றார் டீச்சர். "ஷெணாயே, நினக்குத் தரகு உண்டு. எத்தனைன்னு சேட் பறயும். நீ கணக்குப் போடாதே, தெற்றிப் போகும்."

6

அந்தப் பணம் சேட்டின் சொந்தக் கணக்கிலிருந்து போயிற்று. அதனை எழுதுபவர் அவர் மகன்; என் மேசைக்கு அது வருவதில்லை. வந்திருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கமாட்டேன்.

பத்திரத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு குறித்த நாளில் பங்கு உச்சத்தில்தான் இருந்தது. சான்றிதழ்கள் மாதங்கள் கழித்து வந்தன. அதற்குள் விலை இறங்கிவிட்டது. வட்டியும் பங்குமாகச் சேட்டின் கைக்கு வந்தது, காத்திருப்புக்கு உரியதைக் கழித்தால், நான் சொன்ன எண்ணை ஒட்டியே இருந்தது. அந்த வாரம் ஷெணாய் என் மேசைக்கு வந்து வெற்றிலைப் பெட்டியை நீட்டினார். "சாரே, இனி புதிய கடலாஸ் எது வந்தாலும் ஆத்யம் பின்புறம் வாசிச்சிட்டுத்தான்" என்றார். பாண்டி என்ற சொல்லை அதன்பின் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. வெற்றிலை போடும் வழக்கம் எனக்கில்லை. அன்று ஒன்று எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் புறப்பட்ட காலையில் தெருவே வாசலுக்கு வந்தது. முன்னாள் மாணவர்கள் பெட்டிகளைத் தூக்க அடித்துக்கொண்டார்கள். படிவத்தை வாங்கிய அந்த அலுவலகப் பையனும் படகேறி வந்திருந்தான். கோமதி டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மலையாளத்தில் அழுதாள். என் மகளின் துக்கத்துக்கு என் மொழி உதவவில்லை என்பதை நான் அங்கே கண்டேன். அது எனக்கு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், இப்படி அழுவதற்குரிய ஒருவரை இந்த ஊர் அவளுக்குக் கொடுத்ததே என்றும் நினைத்துக்கொண்டேன்.

நான் கை கூப்பினேன். டீச்சர் கூப்பிய கையை விலக்கி என் வலக்கையைப் பற்றினார். முந்தானையின் நுனியை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டார். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவருடைய விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தத் தொடங்கின.

"கணக்குப் போட்ட ஆள் உத்தரம் அறியணும் அல்லே, சாரே" என்று மெல்லச் சொன்னார். பிறகு காரில் ஏறினார்.

முருகையா இதைப் படித்துவிட்டு, அடுத்த முறை நான் ஊருக்கு வரும்போது முதலில் கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். "அத்தான், கடைசில எவ்வளவுக்குத்தான் முடிஞ்சுது?" என்பான். மட்டாஞ்சேரியில் இத்தனை ஆண்டு இருந்தவனுக்கு விரல் மொழி தெரியாமல் இருக்குமா? டீச்சர் அழுத்திய ஒவ்வோர் அழுத்தத்தையும் நான் படித்துக்கொண்டேன், நினைவிலும் வைத்திருக்கிறேன்.

ஆனால் அது துணிக்கடியில் சொன்ன விலை. எங்கள் ஊரில் அதை வெளியே சொல்வதில்லை.